இரணைதீவுக் கடற்கரைக்கு ஒரு பகல் போய்வர என்ன ஆயத்தம் வேண்டும்?

கேள்வி: இரணைதீவில் கடை, விடுதி ஒன்றும் இல்லை என்கிறார்கள். குடும்பமாக ஆறு பேர் ஒரு பகல் போய்க் கடற்கரையில் இருந்துவிட்டு வரலாமா? எப்போது போவது, என்ன கொண்டுபோவது?

பதில்:

போகலாம். இலங்கையின் வடக்கே, கிளிநொச்சி மாவட்டக் கரைக்கு அப்பால் உள்ள தீவு அது. எந்த நாளில் என்பதைக் காற்றும் படகோட்டியும் தீர்மானிக்கட்டும். மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்க் கணக்குத்தான்.

'ஆளில்லாத் தீவு' என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள். 1992இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த சனம் கரையில் இரணைமாதாநகரில் குடியிருந்து, தங்கள் காணியைக் கேட்டு 2017இல் போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரல் 23 அன்று தாங்களே படகேறிப் போய்த் தங்கள் காணியில் கால் வைத்தது. 2021 மார்ச்சில் கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்க இந்தத் தீவைத் தெரிவு செய்தபோது, 'இங்கே நாங்கள் இருக்கிறோம்' என்று அவர்கள் மறுபடியும் வீதிக்கு வர வேண்டியிருந்தது. கூரை போன வீடு, தென்னை, கிணறு, கரையில் கிடக்கிற வலை எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. தேங்காய் கீழே விழுந்து கிடந்தாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

போகும் வழி: ஏ32 வீதியில் முழங்காவில். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக வரலாம். கிளிநொச்சியிலிருந்து என்றால் பரந்தன் – பூநகரி வீதி. வவுனியாப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மாங்குளம் – வெள்ளாங்குளம் வீதி வசதி. பஸ்ஸில் இடம் சொல்லும்போது கவனம்: இரணைமடு என்பது குளம், இரணைப்பாலை முல்லைத்தீவுப் பக்கம், இரண்டும் வேறு திசை. முழங்காவில் என்று சொல்லி இறங்கி, அங்கிருந்து இரணைமாதாநகர்க் கரைக்குப் போங்கள்.

படகை அன்று காலையில் கரைக்கு வந்து தேடினால் கிடைக்காது. அந்நேரம் எல்லாரும் தொழிலுக்குப் போயிருப்பார்கள். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கடற்றொழிலாளர் சங்கத்திலோ மாதா கோவில் பங்கிலோ பேசி ஒழுங்குசெய்யுங்கள். எண்ணெய்ச் செலவோடு படகுக்காரர் அன்று விட்ட தொழிலுக்கான கூலியையும் சேர்த்துப் பேசுவதுதான் முறை. தீவில் கடற்படை முகாம் இருக்கிறது, எல்லாருக்கும் அடையாள அட்டை வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டை வைத்திருங்கள். அவர்கள் வருவதையும் படகு பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் படிந்திருக்கும் காலம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும், அப்போது மேற்குக் கரை முழுவதும் கொந்தளிப்பு. ஒக்டோபரில் சில நல்ல நாள்கள் வரும். நவம்பர், டிசம்பரில் வாடைக் காற்றோடு புயலும் சேரும், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பகுதி 15 மீற்றரைத் தாண்டாது. ஆழம் குறைந்த கடலில் காற்றெழுந்தால் அலை நீளமாக உருளாது. குறுகி, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து அடிக்கும். கரையிலிருந்து பார்க்கையில் முழங்கால் உயரம்போலத் தெரிகிற அலை, படகில் இருப்பவரின் இடுப்பை முறிக்கும். அதனால் விடிய 6 மணிக்குள் புறப்பட்டு, மதியக் காற்று ஏற முன்னரே திரும்புவது நல்லது. கர்ப்பிணிகளும் முதுகு நோ உள்ளவர்களும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

அங்கே ஓடுவது பெரும்பாலும் 18 அடிப் பிளாஸ்டிக் படகு, வெளியிணைப்பு இயந்திரம். மீன்பிடிக்கச் செய்த படகு அது. ஆள் ஏற்றச் செய்ததல்ல. ஆறு பேரும் படகோட்டிகளும் சாமான்களும் ஒன்றில் என்றால் விளிம்பு தண்ணீரைத் தொடும். இரண்டு படகு எடுங்கள். செலவு கூடும்தான், ஆனால் ஒன்றின் இயந்திரம் நின்றால் மற்றது இழுத்துவரும். மண்ணெண்ணெய்யில் ஓடும் இயந்திரத்தில் அடிக்கடி வரும் பிழைகள் மூன்று: எண்ணெய்யில் தண்ணீர் கலப்பது, பிளக் கரி பிடிப்பது, சாதாளைக் கடற்செடியோ பழைய வலையோ காற்றாடியில் சுற்றிக்கொள்வது. மாற்றுப் பிளக், கத்தி, ஊன்றித் தள்ள நீண்ட தடி இருக்கிறதா என்று ஏற முன்னர் கேளுங்கள். எண்ணெய் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. உயிர்காப்பு அங்கி உங்கள் அளவுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளின் அளவுக்கு, அங்கே இருக்குமென்று எண்ணாமல் நீங்களே தேடிக்கொண்டு போங்கள். படகின் விளிம்பில் குந்த வேண்டாம், அடித்தட்டில் இருங்கள். சத்தி வருகிறவர்கள் குளிசையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர் போட வேண்டும். படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டு அதிகம் பயனில்லை.

கரை சேரும் இடத்தில்தான் பலருக்குக் காயம் வருகிறது. இந்தக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் தரை தட்டையானது என்பதால் வற்று நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாள்களில் இன்னும் மோசம். படகு தூரத்திலேயே நிற்கும், மிச்சத் தூரம் நடைதான். செருப்பு சேற்றில் கழன்றுபோகும். பழைய கன்வஸ் சப்பாத்து போடுங்கள். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால், மணலில் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். மிதித்தால் வாலால் குத்தும். குத்துப்பட்டால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில், ஏறத்தாழ 45 பாகையில், அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருக்க வேண்டும். அதன் நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். ஆகையால் ஒரு சுடுநீர்ப் போத்தல் கட்டாயம். முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் முழங்காவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கரை சேர்ந்ததும் 1990 அம்புலன்ஸை அழைக்கலாம். சொறி (ஜெலி மீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள். மணலால் தேய்த்தாலும் நல்ல தண்ணீர் ஊற்றினாலும் தோலில் ஒட்டியிருக்கும் நச்சுப் பைகள் இன்னும் வெடிக்கும்.

ஆளுக்குக் குடிதண்ணீர் 5 லீற்றர். காற்று மாறிப் படகு திரும்ப முடியாமல் போனால் என்று இன்னொரு 5 லீற்றர். ஆறு பேருக்கு 60 லீற்றர். கனம்தான், குறைக்க வேண்டாம். ஒரே பெரிய கானில் கொண்டுபோய் அது வெடித்தால் எல்லாம் போச்சு, 5 லீற்றர்ப் போத்தல்களாகப் பிரியுங்கள். தீவில் கிணறு இருக்கிறதே என்று கேட்பீர்கள். சிறு தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது மழை இறங்கி, கீழே உள்ள உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பது. வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலேறும், பிறகு அந்தக் கிணறு மழை வரும்வரை தேறாது. உப்புக் கழுவக் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் குளிக்கிற வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரத் துவாயால் துடைத்துக்கொண்டு கரைக்கு வந்து குளிக்கலாம்.

சாப்பாட்டில் தேங்காய்ப்பால், தேங்காய்ப்பூ சேர்ந்ததெல்லாம் அந்த வெக்கையில் மத்தியானத்துக்குள் புளிக்கும். சொதி, பச்சைச் சம்பல் வேண்டாம். பாணும் சீனிச் சம்பலும், பேரீச்சம்பழம், கச்சான் போதும். எல்லாவற்றையும் மூடியுள்ள வாளியில் வையுங்கள். படகில் பை நனையாமல் வராது. போனை இரண்டு பொலித்தீனில் சுற்றுங்கள், ஆனால் சிக்னலை நம்பியிருக்காதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது அதைவிடப் பயன்.

மலசலத்துக்கு ஒரு சிறு மண்வெட்டி: கிணற்றிலிருந்தும் கரையிலிருந்தும் 60 மீற்றராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். குப்பைக்கு ஒரு உரப்பை, பிள்ளைகளின் நப்பி உட்பட எல்லாம் அதற்குள் போய்த் திரும்பி வர வேண்டும். பவளத் துண்டு, ஆமை ஓடு எடுப்பது சட்டப்படி குற்றம். பற்றைக்குள் இனம் தெரியாத இரும்புப் பொருள் கண்டால் தொடாதீர்கள், போர் விட்டுப்போன வெடிபொருள் பற்றி வன்னியில் தனியே விளக்கத் தேவையில்லை. கத்தோலிக்கக் கிராமம், மாதா கோவில் உள்ள இடம். கடலில் உடுப்போடு குளியுங்கள், சாராயப் போத்தலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

இரவு தங்க நினைப்பவர்கள் கரையில் கூடாரம் அடித்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று எண்ண வேண்டாம். அதற்குப் படகு பேசும்போதே ஊர்க்காரரிடமும் பங்குத்தந்தையிடமும் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் தங்குங்கள். கருவாடு வாங்குவதென்றால் கரை திரும்பியதும் படகுக்காரரின் வீட்டிலேயே கேளுங்கள். வெயிலில் காய்ந்து வளைத்தால் முறிகிறதா என்று பாருங்கள். தொய்ந்து மடிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, ஊர் போய்ச் சேர முன்னர் புழு வைக்கும்.