பர்மா எண்ணெய் வயலில் வாழ்ந்த கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி: தேடலை எங்கே தொடங்குவது?

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா 1920களில் பர்மாவுக்குப் போய், ‘ஏனாஞ்சோன்’ என்ற ஊரில் எண்ணெய்க் கிணற்று வேலை பார்த்தாராம். ‘பர்மா ஷெல் கம்பெனி’ என்று வீட்டில் சொல்வார்கள். கொள்ளுப்பாட்டியும் அங்கே உடன் இருந்தார். ஜப்பானியர் பர்மாவுக்குள் படையெடுத்து வந்த 1942-இல் இருவரும் நடந்தே ஊர் திரும்பினார்கள். கையில் மிஞ்சியிருப்பது ஒரு போட்டோ. கொள்ளுப்பாட்டியை ஊரில் ‘ரங்கூன் ஆத்தா’ என்றே கூப்பிட்டதால் அவருடைய சொந்தப் பெயர்கூட யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. லண்டனுக்கு எழுதிக் கேட்கலாமா, எப்படி ஆரம்பிப்பது என்பது கேள்வி.

லண்டனுக்கு எழுதலாம், ஆனால் இப்போது வேண்டாம். கம்பெனிக் காகிதத்தில் தேடும் முன் உங்கள் ஊர்க் காகிதத்தில் தேடுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அந்தக் காலக் கம்பெனிக் காகிதத்தில், கிணறு துளைக்கும் வெள்ளைக்கார டிரில்லர் பெயரோடு இருந்தார். கூலியாள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் இருந்தார். அவருடைய மனைவி எண்ணிக்கையில்கூட இல்லை. அவரைப் பெயர் சொல்லிக் குறித்து வைத்திருக்கக்கூடிய இடம் உங்கள் ஊர்தான்.

முதலில் ஊரைச் சரிபார்த்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் சொல்லும் ‘ஏனாஞ்சோன்’ தப்பான உச்சரிப்பு இல்லை. ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்த ஊரை ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் யேனாங்யாங் என்று படிக்கிறோம். பர்மியர் வாயில் அது ஏறக்குறைய ‘யேநன்ஜாவ்ங்’. நாற்றமடிக்கும் நீர் ஓடும் ஓடை என்று பொருள். அந்த நீர் மண்ணெண்ணெய் பிறக்கும் கச்சா எண்ணெய்தான். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அங்கே ஆட்கள் கையால் கிணறு தோண்டி எண்ணெய் இறைத்தார்கள். 24 குடும்பங்கள் பரம்பரையாக அந்த உரிமையை வைத்திருந்தன.

ஆனால் ஊர் இதுதான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எண்ணெய் எடுத்தது யேனாங்யாங், சவுக் ஆகிய ஊர்களில். அதைச் சுத்திகரித்தது ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருந்த சிரியத்தில்; இன்று அந்த ஊருக்குத் தன்லின் என்று பெயர். எண்ணெய் வயலில் பர்மியத் தொழிலாளர்கள் நிறைய இருந்தார்கள். நம் ஆட்கள் கூட்டமாக வேலை பார்த்தது சிரியம் ஆலையில். குடும்பக் கதையில் இரண்டும் சேர்ந்து ‘எண்ணெய்க் கிணறு’ ஆகிவிடுவது உண்டு. உங்கள் போட்டோ இதற்குப் பதில் சொல்லக்கூடும். பின்னால் மரமில்லாத வறண்ட மேடு, பள்ளம், கோபுரம் போன்ற துளைச் சட்டங்கள் தெரிந்தால் அது வயல். ஆறும் பச்சையும் புகைபோக்கியும் தெரிந்தால் சிரியமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டூடியோவில் எடுத்த படம் என்றால் அட்டையின் ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ பெயரும் ஊரும் அங்கே இருக்கலாம்.

அடுத்தது கம்பெனி. இந்த இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். 1886-இல் கிளாஸ்கோவில் தொடங்கி பர்மாவில் எண்ணெய் எடுத்தது பர்மா ஆயில் கம்பெனி, அன்றைய பேச்சில் பி.ஓ.சி. ‘பர்மா ஷெல்’ வேறு. பர்மா ஆயிலும் ஷெல்லும் இந்தியாவில் எண்ணெய் விற்பதற்காக 1928-இல் சேர்ந்து உண்டாக்கியது அது. 1976-இல் அரசுடைமையாகி இன்று பாரத் பெட்ரோலியமாக இருக்கிறது. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தா 1920களிலேயே பர்மாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அது பி.ஓ.சி.யாகவோ, இந்தோ-பர்மா பெட்ரோலியம், பிரிட்டிஷ் பர்மா பெட்ரோலியம் போன்ற வேறொரு கம்பெனியாகவோ இருந்திருக்கும். ஊர் திரும்பிய பிறகு, தெருவில் பார்த்த பர்மா ஷெல் போர்டு கதைக்குள் புகுந்திருக்கலாம். அப்படி இல்லாமல், 1942-க்கு அப்புறம் அவர் சென்னையிலோ மதுரையிலோ உண்மையிலேயே பர்மா ஷெல் டிப்போவில் வேலை பார்த்திருந்தால் அது தனியாகத் தேட வேண்டிய இன்னொரு வேலை.

இனி நடந்து வந்த கதை. இதை யாராவது பெரியவர் கேட்டு வைத்திருந்தால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மலையைத் தாண்டிய பிறகு படகு ஏறினார்களா, ரயில் ஏறினார்களா? ரங்கூன் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள் பலர் ப்ரோம் வழியாக வந்து, டாங்கப் கணவாய் தாண்டி, அரக்கான் கரையில் அக்யாப் பக்கம் படகு பிடித்துச் சிட்டகாங் சேர்ந்தார்கள். எண்ணெய் வயல் பக்கம் இருந்தவர்களுக்கு வடக்கே ஏறி, கலேவா, தாமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து, திமாபூரில் ரயில் பிடிப்பதே வாய்ப்பான வழி. நாளும் உதவும். ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷார் சிரியம் ஆலையை 1942 மார்ச் முதல் வாரத்தில் தகர்த்தார்கள். யேனாங்யாங் கிணறுகளை ஏப்ரல் நடுவில் தகர்த்தார்கள். ‘பங்குனியில் கிளம்பினோம்’, ‘சித்திரை வெயிலில் நடந்தோம்’ என்று யாராவது சொல்லக் கேட்டிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். வழியும் மாதமும் சேர்ந்தாலே அவர்கள் இருந்தது வயலா ஆலையா என்பது ஓரளவு தெளிந்துவிடும்.

சரி, இப்போது ரங்கூன் ஆத்தா. உங்கள் கடிதத்தில் என் மனம் நின்றது அவரிடம்தான்.

பர்மா போன தமிழர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். மனைவியையும் அங்கே வைத்துக் குடும்பம் நடத்தினார் என்றால் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓரளவு நிலையான வேலை, மேஸ்திரி, பிட்டர், குமாஸ்தா மாதிரி ஏதாவது, இருந்திருக்கலாம். இன்னொரு சாத்தியத்தையும் ஒதுக்காதீர்கள்: கொள்ளுப்பாட்டி பர்மியப் பெண்ணாக இருக்கலாம். அப்படித் திருமணம் செய்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஊருக்கு வந்ததும் மனைவிக்குத் தமிழ்ப் பெயர் வைத்துவிடுவார்கள். பிறந்த வீட்டுச் சீர், தாய்மாமன் பெயர் எதுவுமே வீட்டில் பேசப்படவில்லை என்றால் இதை யோசியுங்கள். ‘மா’ என்று தொடங்கும் பெயர் யாருக்காவது நினைவில் இருந்தால் அது பெரிய புதையல். ‘மா’ என்பது பெண்ணுக்கு முன்னால் வரும் மரியாதை அடை. அதற்குப் பின் வருவதே பெயர். பர்மியரிடம் குடும்பப் பெயர் கிடையாது. பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில் பெயர் வைப்பது வழக்கம். மா மியா என்றால் வியாழக்கிழமை, மா லா என்றால் புதன்கிழமை பிறந்தவர் என்று ஊகிக்கலாம்.

அவர் தமிழ்ப் பெண்தான் என்றால் இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று, சார்பதிவாளர் அலுவலகம். பர்மாவில் சம்பாதித்த பணம் ஊரில் நிலமாகவும் வீடாகவும் மாறியது. அந்தக் காலக் கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் குமாரர்’, ‘இன்னார் மனைவி’ என்று தகப்பன் பெயரும் கணவன் பெயரும் வரும். ஆள் அப்போது எங்கே இருந்தார், என்ன தொழில் என்பதும் சில சமயம் வரும். இவ்வளவு பழைய பத்திரங்களுக்கு ஆன்லைன் வில்லங்கச் சான்றை நம்ப முடியாது. சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு நேரில் போய் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மொய் நோட்டு. இதை ஆவணம் என்று யாரும் நினைப்பதில்லை. 1930, 40களில் உங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணங்களின் மொய் நோட்டு ஏதாவது பரணில் கிடந்தால், பெயரோடு ஊரும் சேர்த்து எழுதியிருக்கும். பெண் வீட்டு உறவுகள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை அதைவிட நேராகச் சொல்லும் காகிதத்தை நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் கையில் வந்த பிறகு வெளியே எழுதுங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் 1942 அகதிகள் பற்றிய அரசுக் கோப்புகளைத் தேடலாம். பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பர்மா நிர்வாகக் காகிதங்கள் இருக்கின்றன. பர்மா ஆயிலின் வழிவந்த கம்பெனியை 2000-இல் பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி வாங்கியது; பி.பி.யின் ஆவணக் காப்பகம் இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். ஊர், தோராயமான ஆண்டு, வேலை, தகப்பன் பெயர் என்று எல்லாவற்றையும் கொடுங்கள். பெயரின் ஆங்கில வடிவங்களையும் பட்டியல் போடுங்கள். ‘சாமி’ என்பதை அன்று எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று எழுதுவது சாதாரணம். போட்டோவை அனுப்பும்போது இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.