வளவு வீட்டின் வரியும் ஊர்ப் பள்ளியின் கூரையும்

கேள்வி: தேவகோட்டையில் மூன்று பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த செட்டிநாட்டு வீட்டில் வசிக்கிறேன். வயது 68, ஓய்வூதியமும், தெருப்பக்கத்து இரண்டு அறைகளின் வாடகையுமே வருமானம். வீட்டுக்கு ஆண்டு வரி 18,000 ரூபாய். என் பங்கு 6,000. நியூ ஜெர்சியில் இருக்கும் மகள், தான் கட்டும் சொத்து வரியில் பாதிக்கும் மேல் அவ்வூர்ப் பள்ளிகளுக்கே போகிறது என்கிறாள். இங்கும் பள்ளிகளுக்காக வரியை உயர்த்தலாமா? உயர்த்தினால் நான் தாங்குவேனா?

பதில்: உயர்த்தலாம் என்பதே என் கருத்து, ஆனால் கல்விக்குரிய பங்கை மட்டும் உயர்த்த வேண்டும், அந்தப் பணம் எந்தப் பள்ளிக்குப் போனது என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. தேவகோட்டையில் வீட்டு மதிப்பு குறைவு என்பதற்காக இங்குள்ள ஆசிரியருக்குச் சென்னை ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம் கிடைப்பதில்லை. அமெரிக்காவிலோ சொத்து வரியை நம்பிப் பள்ளிகள் நடப்பதால், வசதியான ஊரின் பள்ளிக்கும் ஏழை ஊரின் பள்ளிக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்து, அதை மாநில அரசுகள் தம் பணத்தைக் கொண்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த முறை நமக்கு வேண்டாம்.

ஆயினும் நம் சொத்து வரியிலும் கல்விக்கு ஒரு பங்கு இருக்கிறது. நகராட்சிக் கணக்கில் தொடக்கக் கல்வி நிதி என்று தனி நிதியே உண்டு. ஒழுகும் கூரை, கதவில்லாத கழிப்பறை, தண்ணீர் வராத குழாய் ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டிய பணம் இது. பொதுக் காரியங்களுக்கென வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் மகமையைக் கொடுத்துப் பழகிய ஊர் நம்முடையது. எதற்குப் போகிறது என்று தெரிந்தால் கொடுக்கத் தயங்காது.

என்னை உறுத்துவது வேறொன்று. 2022-இல் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நகராட்சிகளில் வரி இரு மடங்கானது. பரப்பளவைக் கொண்டு கணக்கிடும்போது, முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீண்டு, பாதி அறைகள் பூட்டியே கிடக்கும் செட்டிநாட்டு வீடு பெரும் செல்வமாகத் தெரிகிறது. அதில் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் இருப்பது தெரிவதில்லை. கல்விப் பங்கை உயர்த்தும்போது இத்தகையோருக்குச் சலுகை தர வேண்டும்.

இனி உங்கள் கணக்கு. ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் ஐந்தாண்டில் உங்கள் பங்கு 8,000 ரூபாயை எட்டும். பன்னிரண்டு ஆண்டில் இரு மடங்காகும். ஆகவே இப்போதே மாதம் 700 ரூபாயை வங்கியில் ஆறு மாதத் தொடர் வைப்பாகப் போட்டு வாருங்கள். ஒவ்வோர் அரையாண்டு வரியையும் ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் செலுத்தினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. உங்கள் வீட்டுக்கு அது ஆண்டுக்கு 900 ரூபாய். வெளியூர்ப் பங்காளி ஒருவர் தாமதித்தாலும் மூவருக்கும் அது போய்விடும் என்பதால், பங்குகளை மார்ச், செப்டம்பர் மாதங்களிலேயே வசூலித்துவிடுங்கள்.

வருமான வரியில், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் சொத்து வரிக்குக் கழிவு இல்லை. வாடகைக்கு விட்ட இரண்டு அறைகளுக்குரிய வரியை, நீங்கள் அந்த ஆண்டில் உண்மையாகவே செலுத்தியிருந்தால், வாடகையிலிருந்து கழித்து, மீதியில் 30 சதவீதமும் கழிக்கலாம். பழைய முறை, புதிய முறை இரண்டிலும் இது பொருந்தும். ரசீது மூவர் பெயரிலும் வருவதால், உங்கள் பங்கை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பி, அதன் பதிவை ரசீதுடன் சேர்த்து வையுங்கள்.