ஊதுங்க, சொல்றேன்: மூச்சுக்காத்து பத்திக் கேள்வி பதில்

கோயமுத்தூர்ல ஒரு ஆய்வகத்துல வாயுக்களைப் பிரிச்சு அளக்கிறதுதானுங்க என் வேலை. நீங்க கேட்டதுல சிலதுக்கு இங்கே பதில்.

கோபி தம்பி: நோய்நொடி இல்லாதவங்க மூச்சுல என்னங்கண்ணா இருக்கும்?

நைட்ரஜன் போன மாதிரியே திரும்பி வந்துரும். ஆக்ஸிஜன் 21 சதவீதத்துல இருந்து 16க்கு இறங்கும், கார்பன் டை ஆக்சைடு 4க்கு ஏறும், கூடவே நீராவி. நாங்க தேடறது மிச்சத்தைத்தான்: அசிட்டோன், ஐசோப்ரீன், மெத்தனால், அமோனியா. நூறு கோடியில இத்தனை பங்குன்னு எண்ணற அளவுதான். 1971லயே லைனஸ் பாலிங்ங்கற அமெரிக்க வேதியியல் விஞ்ஞானி மூச்சுல 250 பொருள் வரைக்கும் கண்டுபிடிச்சுட்டாருங்க.

ஈரோட்டு அக்கா: பழனிக்கு நடக்கறப்ப விரதம் இருந்தா வாயில பழம் அழுகின மாதிரி வாடை வருதே?

அது அசிட்டோனுங்க அக்கா. சோறு இல்லாதப்ப ஈரல் கொழுப்பை எடுத்துக் கீட்டோன்ங்கற எரிபொருளா மாத்தும். அதுல ஒண்ணு ரத்தத்துல கலந்து, நுரையீரல்ல ஆவியா வெளியேறுது. பல் விளக்கினாலும் போகாது. ஆனா சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இந்த வாடையோட வாந்தியும் மேல்மூச்சும் வந்தா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.

பொள்ளாச்சி அண்ணன்: கொள்ளுப் பருப்பு தின்னா மூச்சுல தெரியுமா?

தெரியும்ணா! நம்ம உடம்பு செல் ஹைட்ரஜன் தயாரிக்காது. செரிக்காம பெருங்குடலுக்குப் போன மாவுச்சத்தை அங்கிருக்கிற பாக்டீரியா புளிக்க வெச்சு ஹைட்ரஜன் விடும். சிலபேருக்கு மீத்தேனும் வரும். அதனாலதான் மூச்சுல ஹைட்ரஜனை அளக்கிற சோதனைக்கு முந்தின நாள் பயறு பருப்பு வேண்டாம்னு சொல்றது.

திருப்பூர் தோழர்: ரோட்டுப் புகையும் இதுல கலந்துருமே?

கலக்கும், பென்சீன், டொலுவீன் எல்லாம். அதுக்குத்தான் அறைக்காத்தையும் தனியா அளப்போம். ஊதறப்ப முதல்ல வர்ற 150 மில்லி வாய், மூச்சுக்குழாய்ல நின்ன காத்து, அதை விட்டுட்டுக் கடைசியில வர்றதைத்தான் பையில பிடிக்கணும். ஒருதடவை சானிடைசர் போட்ட கையோட பையைத் தொட்டுட்டேன். கருவி வரையற படத்துல எத்தனால் (சானிடைசர்ல இருக்கிற ஆல்கஹால்) கோடு மருதமலை உயரத்துக்கு எந்திரிச்சிருச்சு. அன்னைக்குப் பூரா வேலை வீண்.

கரூர் தங்கச்சி: ஒருக்கா ஊதினா எல்லா வியாதியும் தெரியுமா?

இல்லீங்க கண்ணு. 1999ல வந்த ஒரு ஆய்வுல நோயில்லாத 50 பேர் மூச்சுல 3,481 பொருள் கிடைச்சுது, ஐம்பது பேருக்கும் பொதுவா இருந்தது வெறும் 27. அப்ப எதைச் 'சரி'ன்னு வெச்சு ஒப்பிடறது? வயித்துப்புண் கிருமிக்கு யூரியா குடிச்சு ஊதற சோதனை மாதிரி, ஒரே கேள்விக்கு ஒரே பதில் தேடறதுதான் இப்போதைக்கு நடக்குது.