வாசகர் கேள்வி – பதில்: தாய்வழி ஓடும் கதைகள்

அமெரிக்கத் தென்மாநிலப் பெண்களை மூன்று, நான்கு தலைமுறைக்குத் தொடர்ந்து செல்லும் நாவல்களைப் பற்றி வாசகர்களின் கருத்தைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். மெச்சியும் சலித்தும் கடிதங்கள் வந்தன. அவற்றில் கேள்வியோடு வந்தவற்றுக்கு இங்கே பதில்.

அறுபது பக்கம் தாண்டுவதற்குள் யார் தாய், யார் மகள் என்று குழம்பிப் புத்தகத்தை மூடிவிட்டேன். பேத்திக்கும் அம்மம்மாவின் பெயர். இப்படி எழுதுவது ஆசிரியரின் பிழை இல்லையா? – வாசகி, கோண்டாவில்

பெயர் திரும்பி வருவது பிழை அல்ல. தாயின் பெயரையோ பாட்டியின் பெயரையோ பிள்ளைக்கு வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். ஒரு பெரிய தாளும் பென்சிலும் இருந்தால் குழப்பம் தீரும். தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறி, தாய், மகள், பேத்தி என்று அந்தக் கோட்டிலேயே எழுதுங்கள். கணவன், சகோதரங்கள், வளர்ப்புப் பிள்ளைகள் எல்லாம் வலப்பக்கம். இடப்பக்கம் ஆண்டுகளுக்கு. ஒவ்வொரு பெண்ணுக்கும் மூன்று கட்டம் விடுங்கள்: வைத்த பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், மணம் முடித்தபின் வரும் குடும்பப் பெயர். சிக்கல் பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில்தான். ஒருத்தி இரண்டாம் தரம் கலியாணம் செய்தால் அடுத்த அத்தியாயத்தில் வேறு ஆள் போலத் தெரிவாள்.

முதலாமவள் 1845இல் பிறந்தாள் என்று வையுங்கள். 1865இல் அடிமைமுறை ஒழியும்போது அவளுக்கு 20 வயது. மகள் 1868, பேத்தி 1892, பூட்டப்பிள்ளை 1918. அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை 1920இல் கிடைத்தது. ஆனால் தெற்கில் எழுத்தறிவுச் சோதனை, தலைவரி, மிரட்டல் எல்லாம் குறுக்கே நின்றதால் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலானோருக்கு அது 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை எட்டவில்லை. அப்போது உங்கள் நான்காமவளுக்கு வயது 47. அவள் வாக்குச்சாவடி வாசலில் நிற்கும் பக்கத்தை இந்தக் கணக்கோடு வாசித்துப் பாருங்கள்.

நாவலின் முன்பக்கத்தில் வம்சப்படம் அச்சிட்டிருந்தாலும் அதை முதலில் பார்க்காதீர்கள். யார் யாரை முடிக்கிறார், யார் சாகிறார் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

‘தெற்கு’ என்று வாசிக்கும்போதெல்லாம் காலியும் மாத்தறையும்தான் மனதில் வருகின்றன. – வாசகர், சுன்னாகம்

எங்களுக்கு அப்படித்தான் வரும். அந்த நாவல்களில் தெற்கு என்பது பெரும்பாலும் 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற 11 மாநிலங்கள். ஜோர்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, வேர்ஜினியா எல்லாம் அதில் அடக்கம். தமிழில் ‘தென்மாநிலங்கள்’ என்று எழுதினால் குழப்பம் வராது.

மூத்த பாட்டிக்குத் தான் பிறந்த ஆண்டே தெரியாது என்று வருகிறது. கதைக்காகச் செய்த மிகையா? – மாணவி, யாழ் பல்கலைக்கழகம்

மிகை இல்லை. 1850, 1860ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. அதில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் போன்ற விவரங்களே பதிவாயின. அடிமையின் பெயருக்கு இடமே இல்லை. அடிமைமுறையிலிருந்து மீண்டவர்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் குடிசன மதிப்பு 1870இல் வந்தது. 1890ஆம் ஆண்டுப் பதிவுகளில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் பற்றிய தீயோடு போய்விட்டதால் 1880க்கும் 1900க்கும் இடையே இன்னொரு பள்ளம்.

அதனால்தான் அந்தப் பாட்டிமார் வயதைச் சம்பவத்தால் சொல்கிறார்கள்: பெருவெள்ளத்துக்கு முந்தின ஆண்டு, பருத்தியில் வண்டு விழுந்த ஆண்டு. ‘இடப்பெயர்வுக்கு முந்தின ஆனியில் பிறந்தவள்’ என்று இங்கே சொன்னால் ஒருவருக்கும் விளக்கம் தேவையில்லையே. வாசிக்கும்போது இப்படியான அடையாளங்களை இடப்பக்கக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பிப் பெருவெள்ளம் 1927. பருத்தி வண்டு 1890களில் டெக்சாஸுக்குள் வந்து, 1920களுக்குள் பருத்தி விளையும் தெற்கு முழுவதும் பரவியது. இந்த இரண்டைப் பிடித்தாலே பல அத்தியாயங்களின் காலம் பிடிபடும்.

எங்கள் சீதன முறையிலும் சொத்துத் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. இந்த நாவல்களை அதோடு ஒப்பிடலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, நல்லூர்

தாராளமாக ஒப்பிடலாம். நான் மிக விரும்பிய கடிதம் இதுதான். ஆனால் ‘அங்கேயும் தாய்வழி, இங்கேயும் தாய்வழி’ என்பதோடு நிறுத்தக்கூடாது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தில், முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று சொத்து மூன்று வகை. வளவும் வீடும் மகளின் பெயரில் உறுதியாக எழுதப்படும். இருந்தும் மணமான பெண் தன் சீதனக் காணியை விற்க முனைந்தால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உறுதியில் பெயர் அவளுடையது, கையெழுத்து இருவருடையது.

இனி மிசிசிப்பிக்கு வாருங்கள். மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்க அந்த மாநிலம் 1839இல் சட்டம் இயற்றியது. அதன் ஐந்து பிரிவுகளில் நான்கு அடிமைகளைப் பற்றியவை. அந்த அடிமைகளை ஆளும் பொறுப்பு கணவனிடமே இருந்தது. ஆகவே அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கதாநாயகி ‘அம்மா எனக்குத் தந்தது’ என்று சொல்லும் இடத்தில் நின்று பாருங்கள். தந்தது காணியா, வெள்ளிப் பாத்திரமா, மனிதரா?

கறுப்பினப் பெண்ணுக்கோ தாய்வழியின் பொருளே வேறு. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று வேர்ஜினியா 1662இல் சட்டம் செய்தது. தகப்பன் சுதந்திர மனிதனாகவோ எசமானாகவோ இருந்தாலும், தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. அந்தக் குடும்பங்களின் கதை தாயைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு இது பெரிய காரணம். எங்களிடம் சொத்து தாய்வழி வந்தது. அவர்களிடம் அடிமைத்தனமே தாய்வழி வந்தது. இந்த வேற்றுமையை விட்டுவிட்டு ஒப்பிட்டால் ஒப்பீடு பிழைத்துவிடும்.

பின்னாளில் உண்மையாகவே பொருந்தும் இடம் ஒன்று உண்டு: பிரிக்காத காணி. விடுதலைக்குப் பின் பாடுபட்டு வாங்கிய நிலம், மரணசாசனம் எழுதாததால், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் பங்காகக் கிடக்கும். வெளியாள் ஒருவர் ஒரேயொரு பங்கை வாங்கி நீதிமன்றத்தில் பிரிவினை கேட்டால், முழு நிலமும் ஏலத்துக்குப் போகக்கூடும். நாவலில் நகரத்திலிருக்கும் பேரன் தன் பங்கை விற்கும் கட்டத்தைச் சின்ன விஷயம் என்று தாண்டிவிடாதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் பங்காளியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தின் பாரம் விளங்கும்.

பெண்கள் எல்லோரும் வலிமையானவர்கள், ஆண்கள் எல்லோரும் உதவாதவர்கள் அல்லது காணாமற்போனவர்கள். இது நியாயமா? – வாசகர், மானிப்பாய்

சில நாவல்களில் நியாயமில்லைத்தான். ஆனால் தீர்ப்புச் சொல்லமுன் ஒரு வேலை செய்யுங்கள்: ஒவ்வோர் அத்தியாயத்திலும் இல்லாத ஆண் அந்த ஆண்டில் எங்கே இருக்கிறான் என்று வலப்பக்கக் கட்டத்தில் எழுதுங்கள். போரிலா? வேலையில்லாமல் திரிந்தான் என்று பிடித்து, கைதிகளைக் கூலிக்கு விடும் முறையில் அனுப்பிவிட்டார்களா? விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகையின் கடன் தாங்காமல் ஓடினானா? 1910க்கும் 1970க்கும் இடையே தெற்கைவிட்டுப் போன ஏறக்குறைய 60 இலட்சம் கறுப்பின மக்களில் ஒருவனாகச் சிக்காகோவுக்கு முன்னதாகப் போய்விட்டானா? கட்டம் நிரம்பினால் ஆசிரியர் காரணத்தோடு எழுதியிருக்கிறார். வெறுமையாகக் கிடந்தால் உங்கள் குற்றச்சாட்டு சரி.

‘வலிமையான பெண்’ என்ற பாராட்டிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பாரத்தை ஏற்றியவர்களைப் பற்றிப் பேசாமல், சுமந்தவளை மட்டும் புகழ்வதற்கு அந்தச் சொல் வசதியாகிவிடுகிறது. நல்ல நாவலில் அந்தப் பெண் ஓரிடத்திலாவது களைத்து உட்காருவாள். அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படியான ஒரு நாவலைத் தமிழாக்குகிறேன். கறுப்பினப் பாத்திரங்களை யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் பேசவைக்கலாமா? – மொழிபெயர்ப்பாளர், பருத்தித்துறை

பேச்சுத்தமிழ் வேண்டும். ஆனால் ஓர் ஊருக்கோ சாதிக்கோ உரிய சொல்லைத் தவிருங்கள். ‘எணை’ என்று கூப்பிட்டால் அலபாமா மறைந்து வடமராட்சி வந்துவிடும். தெற்கில் வெள்ளையரும் வட்டாரப் பேச்சுத்தான் பேசினார்கள். அவர்களுக்கு எழுத்துத்தமிழும் கறுப்பினத்தவருக்குச் சிதைந்த தமிழும் கொடுத்தால் மூலத்தில் இல்லாத ஏளனம் புகுந்துவிடும்.

கறுப்பினத்தவரின் பேச்சு பிழையான ஆங்கிலம் அல்ல, அதற்கென்று இலக்கணம் உண்டு. ‘ஷீ பின் மேரீட்’ (She been married) என்று ‘பின்’னை அழுத்திச் சொன்னால், ஒருகாலத்தில் மணமாகியிருந்தாள் என்று கொள்ளக்கூடாது. அவள் எப்பவோ கலியாணம் முடிச்சிட்டாள், இன்னும் முடித்தவளாகவே இருக்கிறாள் என்பது பொருள். இதில் தவறினால் உயிரோடிருக்கும் கணவனைக் கதையிலிருந்து நீக்கிவிடுவீர்கள்.

உறவுமுறையில் இன்னும் கவனம் வேண்டும். ‘கசின்’ என்று வந்தால் வம்சப்படத்தைப் பார்த்து மச்சாளா, ஒன்றுவிட்ட சகோதரியா என்று முடிவு செய்யுங்கள். ‘ஆன்ட்’ அதைவிடச் சிக்கல். நாங்கள் ‘அன்ரி’ என்பது மரியாதைக்கு. அங்கே வெள்ளையர் வயதான கறுப்பினப் பெண்ணை அப்படிக் கூப்பிட்டது, ‘மிஸிஸ்’ என்ற மரியாதையைக் கொடுக்காமல் விடுவதற்கு. ‘மாமி’ என்று மாற்றினால் அவமதிப்பு பாசமாகிவிடும். பன்னிரண்டு வயது வெள்ளைக்காரச் சிறுமி அறுபது வயதுக்காரியை ‘நீ’ என்கட்டும், அவள் ‘நீங்கள்’ என்று பதில் சொல்லட்டும். ஆங்கிலத்தால் காட்ட முடியாததைத் தமிழ் அங்கே காட்டிவிடும்.

‘போர்ச்’ என்பதற்கு விறாந்தை நன்றாகப் பொருந்தும். ‘பிஸ்கட்’டை அப்படியே விடாதீர்கள், வாசகர் தேத்தண்ணியில் தோய்ப்பதை நினைப்பார். ‘மோர் விட்டுப் பிசைந்து போறணையில் சுட்ட மெத்தென்ற சிறு ரொட்டி’ என்று முதல் தரம் எழுதிவிட்டு, பிறகு ‘ரொட்டி’ என்றே கொண்டுபோகலாம்.