ஆவணக் காப்பகத்தில் ஒரு வரலாற்று உரை: வாசகர் கேள்வி - பதில்

எங்கள் மாநில ஆவணக் காப்பகத்தில் பொதுமக்களுக்காக மாதம் ஒரு வரலாற்று உரை நடத்த உதவி கேட்டிருக்கிறார்கள். நல்ல பேச்சாளர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பேச்சாளரைத் தேடுவதற்கு முன் ஆவணத்தைத் தேடுங்கள். வேறு எந்த அரங்கிலும் கேட்கக்கூடிய உரைக்காக யாரும் காப்பகம் வரை வரவேண்டியதில்லை. அங்கே மட்டும் இருக்கும் ஒரு கோப்பைச் சுற்றித்தான் உரை அமைய வேண்டும்.

ஓர் உரைக்கு மூன்று, நான்கு ஆவணங்கள் போதும். ஒரு நில அளவைப் படம், அதை மறுத்து வந்த ஒரு மனு, மனுவின் ஓரத்தில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மனு வந்து சேர்ந்த முத்திரையில் ஒரு தேதி, கடைசி உத்தரவின் கீழே இன்னொரு தேதி. நடுவில் அந்தத் தாள் எத்தனை மேசைகளில் கிடந்தது என்பதை மாறிமாறி வரும் கையெழுத்துகளே காட்டிவிடும். ஆட்சி எப்படி நடந்தது என்று அரை மணி நேரம் விளக்குவதைவிட இது ஆழமாகப் பதியும்.

பேச்சுக்கு 40 நிமிடம், கேள்விகளுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். திரையில் ஒரு நேரத்தில் ஓர் ஆவணம் மட்டும் தெரியட்டும். பழைய கையெழுத்தை எல்லோராலும் படிக்க முடியாது. முக்கியமான நான்கைந்து வரிகளைப் பெரிதாக்கி, கீழே அச்செழுத்தில் கொடுங்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தொகுப்பின் பெயரும் கோப்பு எண்ணும் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். அந்த எண் கையில் இல்லாவிட்டால், ஆர்வத்தோடு மறுவாரம் ஆய்வு அறைக்கு வருகிறவர் எதைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பிப்போவார். எந்தெந்தக் கோப்புகள் கேட்கப்படலாம் என்று ஆய்வு அறை ஊழியர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஸ்கேன் நகல் தயாராக இருந்தால் மூலத்தைத் திரும்பத் திரும்ப வெளியே எடுக்க வேண்டியிராது.

மூல ஆவணத்தையே மக்களுக்குக் காட்டலாமா? நகல் போதாதா?

இரண்டும் வேண்டும். மூலத்தைப் பார்க்கும் வாய்ப்பை முழுக்க மறுத்துவிட்டால் நிகழ்ச்சியின் உயிரே போய்விடும். ஆனால் எதைக் காட்டலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் ஆவணப் பாதுகாப்பாளர். அவர் பார்க்கவும், ஸ்கேன் எடுக்கவும், உரிமைகளைச் சரிபார்க்கவும் இரண்டு மாதமாவது கொடுங்கள்.

முதல் பகை வெளிச்சம். காகித ஆவணங்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற அளவை வைத்துக்கொள்கிறார்கள். வெளிச்சத்தால் வரும் கேடு சேர்ந்துகொண்டே போகும். ஆவணத்தை இருட்டில் திருப்பி வைத்தாலும் மங்கிய நிறம் மீளாது. 1000 லக்ஸ் விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வைப்பது, 50 லக்ஸில் 20 மணி நேரம் வைப்பதற்குச் சமம். எனவே மேடை விளக்கின் கீழோ ஜன்னலோரத்திலோ மேசையைப் போடாதீர்கள். கண்ணால் மதிப்பிடாமல் லக்ஸ் மீட்டரை ஆவணத்தின் மேலேயே வைத்து அளந்து பாருங்கள்.

அடுத்தது மை. இரும்பு உப்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மையில் அமிலம் உண்டு. அது காகிதத்தை மெல்ல அரித்துவிடும். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தாலோ, எழுத்து தாளின் பின்பக்கம் வரை ஊறியிருந்தாலோ அந்தத் தாளை வளைக்கவே கூடாது. எழுத்தின் கோட்டிலேயே விரிசல் விட்டு உதிரும். அப்படிப்பட்டதற்கு நகல்தான் சரி. மூலத்தின் அளவிலேயே அச்சிட 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) ஸ்கேன் போதும். இரு மடங்கு பெரிதாக்க 600 வேண்டும்.

தைத்துக் கட்டிய பதிவேட்டை மேசையில் மல்லாத்தி அழுத்தக் கூடாது, முதுகு முறியும். இருபுறமும் நுரை ஆப்புகள் கொடுத்து 90 முதல் 120 பாகைக்குள் திறந்து வையுங்கள். ஒரு மேசைக்கு எட்டுப் பத்துப் பேர் போதும், பக்கத்தை ஊழியர் மட்டுமே புரட்டட்டும். தண்ணீர்ப் புட்டியும் மைப் பேனாவும் மேசைக்கு அருகிலேயே வரக் கூடாது. குறிப்பெடுக்கப் பென்சில் கொடுங்கள். படம் எடுக்க அனுமதித்தால், ஆவணத்துக்கு நேர் மேலே கைப்பேசியை நீட்ட விடாதீர்கள். அது கைதவறி விழுவது மெய்யான ஆபத்து.

வெள்ளைப் பருத்திக் கையுறை கட்டாயமா?

காகிதத்துக்கு வேண்டாம். துணிக்குள் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது. நொறுங்கிய ஓரத்தில் நூல் மாட்டிக் கிழித்துவிடும். கழுவி நன்றாக உலர்த்திய கைதான் நல்லது. புகைப்படம், நெகட்டிவ் ஆகியவற்றுக்கு மட்டும் நைட்ரைல் கையுறை (மெல்லிய செயற்கை ரப்பர் உறை) போடுங்கள், விரல் ரேகை அவற்றில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை வைத்து ஓர் உரை கேட்டோம். தர முடியாது என்கிறார்கள். ஏன்?

உயிரோடிருப்பவர்களின் சொந்த விவரங்கள் அவற்றில் இருப்பதால்தான். விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்துத் திறக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில்தான் வெளிவந்தது. இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பும் 100 ஆண்டு கடந்து 2022 ஜனவரியில் வந்தது. கடிதங்களிலும் கவனம் தேவை. கடிதத் தாள் காப்பகத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை பெரும்பாலும் எழுதியவருக்கோ வாரிசுகளுக்கோ உரியது. உரையைக் காணொளியாக வெளியிடுவதாக இருந்தால் இதை முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுவிழா போல நடத்த ஏற்ற நாள் எது?

ஜூன் 9. பன்னாட்டு ஆவணக் காப்பக மன்றம் 1948-இல் தொடங்கப்பட்ட நாள் அது. 2008 முதல் உலகெங்கும் காப்பக நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மக்கள் தங்கள் வீட்டுப் படங்களையும் பத்திரங்களையும் கொண்டுவந்து ஸ்கேன் செய்யும் நாள் ஒன்று நடத்தலாமா?

தாராளமாக. ஆனால் முதல் மேசையை வாசலுக்கு வெளியே போடுங்கள். பூஞ்சையோ பூச்சியோ தெரிகிற பொருளை அங்கேயே உறையிலிட்டுத் தனியே வைக்க வேண்டும். உள்ளே போனால் காப்பகத்தின் ஆவணங்களுக்கும் பரவும்.

இரண்டாம் மேசையில் ஒப்புதல் படிவம். நகலைக் காப்பகம் வைத்துக்கொள்ளலாமா, இணையத்தில் போடலாமா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து ஸ்கேனர். 4×6 அங்குலப் படத்தை 600 பிபிஐயில் வண்ணத்தில், சுருக்கம் செய்யாத டிஃப் (TIFF என்ற பட வடிவம்) கோப்பாக எடுத்தால் ஒன்று ஏறக்குறைய 26 எம்பி வரும். சேமிப்பு வட்டை அதற்கேற்ப வாங்குங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பெயர்களும் அங்கேதான் இருக்கும்.

ஸ்கேனரைவிட நேரம் பிடிப்பது விவரம் எழுதுவது. படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக, இடம், தோராயமான ஆண்டு, சொன்னவர் யார் என்பதோடு அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். 'அப்புறம் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம்' என்று விட்ட படங்கள் பெயரில்லாமலே தங்கிவிடுகின்றன. ஒரு ஸ்கேனருக்கு விவரம் எழுத இரண்டு பேரை உட்கார வையுங்கள். மூலத்தை உரியவர் கையிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்கிவிடுங்கள்.