ஆர்கானிக் முத்திரையா, பக்கத்துத் தோட்டமா?

கேள்வி: கொஞ்ச காலமாக ஆர்கானிக் காய்கறிகளைத்தான் வாங்குகிறேன். ஆனால் கடையில் முத்திரையோடு கிடைப்பவற்றில் பாதி எங்கோ தொலைதூரத்திலிருந்து வருகின்றன. எங்கள் பகுதியில் ஒருவர் தோட்டம் வைத்திருக்கிறார். ரசாயன உரத்தை நிறுத்தி ஒரு வருடம்தான் ஆகிறது என்கிறார், சான்றிதழ் கிடையாது. என் கணவரோ, "எல்லாம் வியாபாரம். இந்த முறையை வைத்து உலகத்துக்கே சாப்பாடு போட முடியுமா?" என்று கேட்கிறார். நான் யாரிடம் வாங்குவது? கூடுதல் விலை கொடுப்பது வீண்தானா?
- ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தத் தோட்டக்காரரிடம் வாங்குங்கள். பக்கத்தில் இருக்கிறார் என்பது இரண்டாவது காரணம்தான். இப்போது அவர் இருக்கும் கட்டம்தான் முதல் காரணம்.

ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே ஒரு நிலம் இயற்கை நிலம் ஆகிவிடாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, பருவப் பயிர் என்றால் விதைப்பதற்கு முன் 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மரப்பயிர்களுக்கு 3 ஆண்டுகள். அமெரிக்காவில் எந்தப் பயிரானாலும் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். அந்தக் காலம் முழுக்க விவசாயி புது முறையில்தான் பாடுபடுகிறார். களை எடுக்கும் கூலி ஏறுகிறது, விளைச்சல் இறங்குகிறது. ஆனாலும் விளைந்ததை ஆர்கானிக் என்று சொல்லி விற்க முடியாது, பழைய விலைதான் கிடைக்கும். பலர் கையைச் சுட்டுக்கொண்டு மறுபடி உர மூட்டைக்குத் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். உங்கள் பணம் எங்கே போனால் ஒரு நிலம் உண்மையிலேயே மாறும் என்று கேட்டால், நான் இங்கேதான் கை காட்டுவேன்.

விளைச்சல் ஏன் இறங்குகிறது? யூரியா தண்ணீரில் கரைந்ததும் சீக்கிரமே வேருக்குப் போய்விடும். தொழு உரத்தில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) அப்படி உடனே கிடைக்காது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கொடுத்தால்தான் பயிர் எடுத்துக்கொள்ளும். தொழு உரமும் தழையும் காணாமல் பல வருடம் உர மூட்டையை மட்டுமே நம்பிக் கிடந்த மண்ணில் மட்கு, அதாவது மக்கிப்போன இலைதழையும் சாணமும், குறைவு, அதைத் தின்று வாழும் உயிர்களும் குறைவு. அவை மறுபடி பெருகும்வரை பயிர் கொஞ்சம் சோர்ந்துதான் நிற்கும்.

சரி, அவரை எப்படி நம்புவது? ஒரு நாள் தோட்டத்துக்கே போய்வாருங்கள். நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். மட்கும் பூஞ்சை இழைகளும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கும் மண் என்றால், சில நிமிடம் கழித்தும் கட்டி கட்டியாகவே இருக்கும், தண்ணீரும் அவ்வளவாகக் கலங்காது. மட்கு இல்லாத மண் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் சேறாகிவிடும். மணல் நிலத்தில் இந்தச் சோதனை எடுபடாது. பயறு வகைச் செடி பூக்கும் பருவத்தில் இருந்தால், ஒன்றை வேரோடு மெல்லத் தோண்டித் தரச் சொல்லுங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனை அங்கே பாக்டீரியாக்கள் பயிருக்கு உரமாக்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த வேலை நின்றுவிட்டது.

ஒரே வருடத்தில் மண்கட்டி கரையாமல் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், பூச்சிமருந்து அடித்தாரா இல்லையா என்பதையும் இவை காட்டாது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். போன முறை பூச்சி விழுந்தபோது என்ன செய்தீர்கள்? கடைசியாக எதைத் தெளித்தீர்கள்? இதே பாத்தியில் இதற்கு முன் என்ன பயிர் இருந்தது? உண்மையாகச் செய்கிறவர் தன் நஷ்டத்தையும் சேர்த்தே சொல்வார். "என் தோட்டத்தில் பூச்சியே வராது" என்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரில் போய்ப் பார்க்க முடியாத தூரத்திலிருந்து வரும் பொருளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஆர்கானிக் என்றால் எதுவுமே தெளிக்காதது என்று நினைத்துவிடக் கூடாது. பூஞ்சை நோய்க்குத் தாமிர மருந்து தெளிக்க விதியிலேயே இடம் உண்டு. அது மண்ணில் தங்கிவிடும் என்பதால்தான் ஐரோப்பாவில் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

தூரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2008-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், உணவால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 11 சதவீதம்தான். மிகப் பெரும்பகுதி உற்பத்தியிலேயே வெளியாகிறது. விமானத்தில் வரும் பொருளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்தில் வாங்குவதில் எனக்குப் பெரிதாகத் தெரியும் லாபம், விளைவித்தவரையே நேரில் கேள்வி கேட்க முடிகிறது என்பதுதான்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2012-ல் வெளிவந்த ஒரு பெரிய ஒப்பாய்வின்படி, இயற்கை முறையில் விளைச்சல் 5 முதல் 34 சதவீதம் வரை குறைகிறது. மானாவாரிப் பயறு வகைகளில் இழப்பு சொற்பம். நல்ல முறைகளைக் கையாண்டால் மொத்தத்தில் 13 சதவீதம். இலங்கையில் 2021-ல் ரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். மண்ணுக்கும் விவசாயிக்கும் தயாராக அவகாசமே கொடுக்கவில்லை. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின, சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அதற்கான விலையை ஏழை விவசாயிகள்தான் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை. மறுபக்கம், 1999-ல் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி ஹெக்டேராக இருந்த இயற்கை விவசாயப் பரப்பு 2022-ல் 9.6 கோடியைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, பெரும்பாலும் மேய்ச்சல் நிலம். மொத்த விவசாய நிலத்தில் இது இன்னும் 2 சதவீதம் அளவுதான். ஆகவே உலகத்துக்கே சாப்பாடு போடும் பாரத்தை இன்றைக்கே உங்கள் தோட்டக்காரர் தலையில் ஏற்றத் தேவையில்லை. அவர் நிலம் தேறுகிறதா என்று பார்த்தால் போதும்.

கூடுதல் விலை வீணா? சத்து அதிகம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். அதில் பெரிய வித்தியாசம் இருப்பதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. பூச்சிமருந்து எச்சம் குறைவு, அது உண்மை. வயலில் மருந்து அடிக்கும் கைகளுக்கு அதைவிடப் பெரிய நன்மை. ஆனால் விலைக்குப் பயந்து வீட்டில் காய்கறி, பழத்தின் அளவைக் குறைக்கவே கூடாது. கட்டுப்படியாகாத மாதத்தில் சாதாரணக் காயையே வாங்கி, நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். ஜப்பானில் 1970-களிலிருந்தே நுகர்வோர் குழுக்கள் விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டு, விளைந்ததைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்களுக்குத் தெரிந்த நாலைந்து வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு, விதைப்புக்கு முன்பே அவரிடம் பேசுங்கள். வாரத்துக்கு இவ்வளவு எடுத்துக்கொள்கிறோம், விலை இது, கொஞ்சம் முன்பணம், விளைச்சல் குறைந்த வாரத்தில் கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். உங்கள் கணவரையும் கூடவே அழைத்துப் போங்கள். அவருடைய கேள்வியைத் தோட்டக்காரரிடமே கேட்கட்டும்.