இம்பிளாண்டுக்கு முன் முப்பரிமாண ஸ்கேன்: அம்மாவுக்கு அவசியமா?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 64. கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி ஓராண்டு ஆகிறது. இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாம் என்ற பல் மருத்துவர் முதலில் ஓபிஜி என்ற எக்ஸ்ரே எடுத்தார். இப்போது சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனும் வேண்டும் என்கிறார். ஒரு எக்ஸ்ரே போதாதா? இது பில்லை ஏற்றும் வேலையா? கதிர்வீச்சு அதிகமாகாதா?

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அம்மாவின் விஷயத்தில் மருத்துவர் கேட்டது சரி என்பேன். நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஓபிஜி, இரண்டு தாடைகளையும் பாய்போல விரித்து ஒரே படத்தில் காட்டும். முதல் பார்வைக்கு அருமையான படம். என்றாலும் அது தட்டையான நிழல். எலும்பு எவ்வளவு உயரம் என்று சொல்லும். எவ்வளவு தடிமன் என்று சொல்லாது. அந்த உயரமும் அப்படியே நம்பக்கூடியது அல்ல. உருவம் பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு பெரிதாக விழும், அதுவும் இடத்துக்கு இடம் மாறும்.

சிபிசிடி இயந்திரம் தலையைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கிறது. அரை நிமிடம்கூட ஆகாது. கணினி அவற்றைச் சேர்த்துத் தாடையின் முழு உருவத்தைக் கட்டும். அப்புறம் அதை எந்தப் பக்கமிருந்தும் நறுக்கிப் பார்க்கலாம். ஈரச்சந்தையில் வாங்கும் தாமரைக் கிழங்கை வட்டமாக நறுக்கினால் உள்ளே துளைகள் தெரியுமே, அப்படி ஒவ்வொரு வில்லையிலும் தாடைக்குள் ஒரு சிறு துளை தெரியும். கீழுதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. இம்பிளாண்டின் நுனி அதைத் தொட்டால் உதடு நாள்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே, மரத்துப்போகலாம். அதனால் நரம்புக்கு மேல் குறைந்தது 2 மில்லிமீட்டர் விட்டுத்தான் திட்டமிடுவோம். ஓபிஜியை வைத்துக்கொண்டு அந்த 2 மில்லிமீட்டரை அளப்பது குருட்டுக்கணக்கு.

இன்னொரு சிக்கல், நாக்குப் பக்கம். ஓபிஜியில் எலும்பு தாராளமாக இருந்த ஒருவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். மேலே நல்ல அகலம். பாதி ஆழத்துக்குக் கீழே, நாக்கின் பக்கமாக எலும்பு உள்வாங்கிக் குழிந்திருந்தது. நேராகத் துளையிட்டிருந்தால் கருவி எலும்பைத் தாண்டி வெளியே வந்திருக்கும். அங்கே ரத்தக்குழாய்கள் உண்டு. நாக்குக்கு அடியில் ரத்தம் கசிந்து வீங்கினால் மூச்சே தடைபடலாம். சற்றுச் சாய்த்து, குட்டையான இம்பிளாண்ட் வைத்தோம். பல் பிடுங்கிய இடத்தில் முதல் ஆண்டிலேயே எலும்பு கரைந்து அகலம் குறையும் என்பதால் அம்மாவுக்கு இதை அவசியம் பார்க்க வேண்டும்.

கதிர்வீச்சுக்கு வருவோம். இயற்கையிலிருந்து நாம் ஆண்டுக்குப் பெறும் அளவு, உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். ஓபிஜி அதில் சில நாள் கணக்கு. தாடையின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் சிபிசிடி பெரும்பாலும் சில நாள் முதல் ஒரு மாதக் கணக்கு வரை போகலாம். இயந்திரத்தையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்தது. மருத்துவமனையில் எடுக்கும் தலை சிடி ஸ்கேனைவிட இது மிகக் குறைவு. அதற்காகச் சும்மா எடுக்கவும் கூடாது. “கீழ்த்தாடை மட்டும் போதும்தானே?” என்று கேளுங்கள். பரப்பு சிறிதானால் கதிர்வீச்சும் குறையும், படமும் துல்லியமாகும்.

பில்லைப் பற்றி: “இந்த ஸ்கேனைப் பார்த்து எதை மாற்றுவீர்கள்?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். இம்பிளாண்டின் நீளம், சாய்வு, எலும்பு சேர்க்க வேண்டுமா என்று தெளிவாகச் சொன்னால் சரி. பல் சொத்தையைப் பார்க்கவோ வழக்கமான பரிசோதனைக்கோ சிபிசிடி வேண்டும் என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன். ஞானப்பல்லின் வேர் நரம்போடு ஒட்டியதுபோல் ஓபிஜியில் தெரிந்தாலும், ரூட் கெனாலில் மறைந்திருக்கும் கால்வாயைத் தேடவும் அது உதவும், எல்லாருக்கும் தேவையில்லை. இம்பிளாண்டின் அறுவை சிகிச்சைப் பகுதிக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். ஸ்கேன் கட்டணம் அதில் சேருமா என்று பல் மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வேறு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் ஸ்கேனின் டைகாம் கோப்புகளை, அதாவது முழு ஸ்கேனும் அடங்கிய கணினிக் கோப்புகளை, கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் அச்சடித்த நான்கு படங்களால் பயனில்லை. கோப்பு கையில் இருந்தால் பெரும்பாலும் இன்னொரு முறை கதிர்வீச்சு வாங்க வேண்டியிருக்காது.

ஸ்கேன் எடுக்கும் அன்றைக்கு அம்மா தோடு, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி, கழற்றக்கூடிய பல்செட் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் அடிக்கும். பழைய உலோகக் கிரவுன் (பல்லுக்குப் போடும் உறை) பக்கத்துப் பல்லில் இருந்தாலும் அப்படித்தான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இயந்திரம் சுற்றும்போது எச்சில் விழுங்காமல் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் தெரியாத ஒன்றும் உண்டு. அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறாரா? இனிப்புநீர் கட்டுக்குள் இருக்கிறதா? ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா? மருந்துப் பட்டியலை அப்படியே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.